பழைய ஃபாரின் ஜீப்பும் எண்பதாயிரம் ரூபாயும்

2025 ஆகஸ்டில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 20 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய். மூன்று சக்கர வண்டிக்கு 5,000. காருக்கு 10,000. இதுவரை ஏதோ ஒரு கணக்கு தெரிகிறது. சின்ன வண்டிக்குக் குறைவு, பெரிய வண்டிக்கு அதிகம். இவற்றுக்கிடையில், இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனம் என்று ஒரு வரி வருகிறது. அதற்கு 80,000 ரூபாய்.

உள்ளூர்க் காருக்குப் பத்து, வெளிநாட்டுக் காருக்கு எண்பது. எட்டு மடங்கு. வண்டி எவ்வளவு பெரியது, என்ன விலை போகும், எவ்வளவு புகை விடுகிறது, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எந்தக் கேள்வியும் இல்லை. எங்கே பிறந்தது என்ற ஒரே கேள்விதான். இது நியாயமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் அந்த வரியில் அடங்கும் ஒரு வண்டி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது சுசுகி எஸ்.ஜே. 410 என்ற சிறிய ஜீப். 1986இல் செய்தது. 970 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர், இரண்டு கதவு, பின்னால் இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். மொத்த நீளம் மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நம் தெருக்களில் இன்று நிற்கும் சாதாரணக் கார்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், அண்ணனோடு பள்ளிக்கூடம் வந்த தம்பி மாதிரித் தெரியும். வெளிநாட்டு வண்டி என்றதும் மனத்தில் வரும் பளபளப்பான நீளமான கறுப்புக் காருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதன் வம்சமே ஏழை வம்சம்தான். ஹோப் என்ற சிறிய ஜப்பானியக் கம்பெனி 1960களின் கடைசியில் ஒரு குட்டி நான்கு சக்கர இயக்க வண்டியைச் செய்து பார்த்தது. அதை விற்று நிலைக்க முடியவில்லை. உரிமையைச் சுசுகி வாங்கி, 1970இல் ஜிம்னி என்ற பெயரில் வெளியிட்டது. அப்போது எஞ்சின் 359 சி.சி.தான், இரண்டு சிலிண்டர். மலைக் கிராமத்து விவசாயியும் மரம் வெட்டுபவரும் வாங்கக்கூடிய விலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வரிசையில் அடுத்த தலைமுறை 1981இல் வந்தது. அதில் ஒன்றுதான் எஸ்.ஜே. 410. ஐரோப்பாவுக்கு வேண்டியதை 1985 முதல் ஸ்பெயினில் லினாரெஸ் என்ற ஊரில் இருந்த சந்தானா தொழிற்சாலையில் ஒட்டினார்கள். என் வண்டி அங்கிருந்து பிரான்சுக்குப் போய், பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது.

இனி ஒரு வேடிக்கை. அதே 1985இல், டிசம்பர் மாதம், குர்காவ்னில் மாருதி ஜிப்ஸி வெளிவந்தது. ஜிப்ஸி என்பது வேறொன்றுமில்லை, இதே எஸ்.ஜே. 410தான். நீளத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். எஞ்சின் அதே 970 சி.சி. எங்கள் பட்டறை மெக்கானிக் கார்பரேட்டர் கிட் வேண்டுமென்றால் ஜிப்ஸிக்குத்தான் வாங்குகிறார், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் எல்லாம் அப்படித்தான். கையில் எடுத்துப் பார்த்தால் எது எந்த நாட்டது என்று அவராலும் சொல்ல முடியாது. ஆனால் அட்டவணைப்படி, ஒரே காலத்தில் பிறந்த இந்த இரட்டையரில் குர்காவ்ன் பிள்ளைக்கு 10,000, லினாரெஸ் பிள்ளைக்கு 80,000.

இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1970களிலும் 80களிலும் கார் என்றால் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு. அதற்கும் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபாரின் கார் வைத்திருப்பவர் மில் முதலாளி, அல்லது சினிமாக்காரர், அல்லது தூதரகத்து ஆள். ஃபாரின் என்ற சொல்லே பணம் என்ற சொல்லின் இன்னொரு பெயராக இருந்தது. சட்டம் செய்பவர்கள் மனத்திலும் அது அப்படியே பதிந்திருக்க வேண்டும். காலம் மாறிவிட்டது, அட்டவணையில் மட்டும் அந்தப் பழைய பிரமிப்பு தங்கிவிட்டது.

எங்கள் புதுச்சேரியில் அப்போதுகூட அந்தக் கணக்கு முழுதும் பொருந்தாது. இங்கே சொல்தா வீடுகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல ஆண்டு சேவை செய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய நம் ஆட்கள். வெளிநாட்டில் குடியிருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவர் தன் சொந்த வண்டியைக் கொண்டுவரலாம் என்று ஒரு சலுகை விதி உண்டு. அப்படிச் சில வண்டிகள் வந்தன. அவை முதலாளிகளின் வண்டிகள் இல்லை. சார்ஜென்டாகவும் கொப்ராலாகவும் இருந்தவர்கள், அங்கே தவணையில் வாங்கி ஓட்டிய சின்ன வண்டிகள். விற்றுவிட்டு வர மனமில்லாமல் கப்பலில் ஏற்றினார்கள்.

என் பெரியம்மா மகனும் அப்படித்தான் 1990இல் இதைக் கொண்டுவந்தார். சென்னைத் துறைமுகத்தில் தீர்வை கட்டிய ரசீது இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வண்டி வாங்கிய விலையை விடத் தீர்வை அதிகம் என்று அண்ணன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். 1991இல் இங்கே பதிவு செய்தார். ஆறு ஆண்டு ஓட்டினார். பிறகு கண் பார்வை மங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைத் தெரியாதவன் கையில கொடுக்க மனசு வரல. நீ பிரெஞ்சு படிச்சவன். புத்தகத்தைப் பாத்து ஓட்டு" என்று சாவியையும் கையேட்டையும் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, விலை வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் கடன் போட்டு ஒன்றரை ஆண்டில் அடைத்தேன்.

அந்த ரசீதுதான் என் முதல் வாதம். வெளிநாட்டில் செய்த வண்டி என்பதற்கான விலையை அரசு துறைமுகத்திலேயே முழுசாக வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டது. அத்தோடு அது இந்திய எண் தாங்கி, இந்தியச் சாலை வரி கட்டி, 35 ஆண்டு இந்தியச் சாலையில் ஓடிவிட்டது. இன்னும் எத்தனை முறை அது அந்நியன் என்பதற்காகக் கட்ட வேண்டும்? நான் 1951இல் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவன். என் பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில்தான் இருக்கிறது. அதற்காக எந்த அலுவலகத்திலும் என்னிடம் எட்டு மடங்கு கட்டணம் வாங்கியதில்லை.

இப்படி ஒரு வண்டியை வைத்திருப்பது சொகுசு என்று நினைப்பவர்களுக்கு, அதை வைத்திருப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வாங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கும் இது உதவும்.

ஸ்டியரிங் இடப்பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 120ஆம் பிரிவு, சைகை காட்டும் கருவி ஒழுங்காக இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்டலாம் என்கிறது. சட்டம் விட்டாலும் சாலை விடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னால் லாரி போனால் எதிரே வருவது எனக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவிதான் கண். "பொறுங்க, பஸ் வருது" என்பாள். "இப்ப போங்க" என்றால்தான் போவேன். அவள் இல்லாத நாளில் லாரிக்குப் பின்னாலேயே மரக்காணம் வரை போயிருக்கிறேன். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

வண்டியில் கியர் தண்டு இரண்டு. பெரியது வழக்கமான கியர். சின்னது, பின் சக்கரம் மட்டும் ஓடவா, நான்கும் ஓடவா, நான்கும் மெதுவாக அதிக இழுவையோடு ஓடவா என்று தீர்மானிப்பது. முன் சக்கர மையத்தில் ஒரு திருகு இருக்கிறது. இறங்கிப் போய் இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்டினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை போகும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விஷயம் ஒன்று உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடச் சற்று அதிக தூரம் சுற்ற வேண்டும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கெல்லாம் ஷாஃப்டிலும் கியர் பெட்டியிலும் ஏறிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் சின்னத் தண்டு அசையாது, டயர் கீச்சிடும், பிறகு கிராஸ் உடையும். அதனால் தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் போடவே கூடாது. கையேட்டில் இதைத்தான் அழுத்தி எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு படித்ததற்கு இந்த ஒரு பக்கமே போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

உதிரிகளில் ஜிப்ஸி காப்பாற்றும் இடங்களைச் சொன்னேன். காப்பாற்றாத இடங்களும் உண்டு. நீளம் வேறு என்பதால் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் அப்படியே பொருந்தாது, லேத்தில் அளவு பார்த்து வெட்டிச் சேர்க்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங்குக்கான பாகங்கள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி உப்புக் காற்று. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் இரும்பு வண்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அடிப்பகுதியைக் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்தே தீர வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களும் கார்பரேட்டர் கேஸ்கட்களும் அதைத் தாங்காது என்றார் மெக்கானிக். முன்கூட்டியே எல்லாவற்றையும் மாற்றினோம்.

இத்தனைக்கும் செலவு அதிகமா என்றால், இல்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பாயிண்ட், கண்டன்சர், பிளக், கார்பரேட்டர் இந்த நான்கையும் தெரிந்தவர் பாதி நோயைத் தானே பார்த்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா. அந்த வருமானத்தில் பராமரிக்க முடிகிறது என்பதே இது பணக்கார வண்டி இல்லை என்பதற்குச் சான்று. இன்று விற்றால் ஒன்றரை லட்சம் கிடைத்தால் பெரிது. அதற்குப் பதிவுக் கட்டணம் 80,000 என்றால் வண்டி விலையில் பாதிக்கு மேல். எனக்கு ஏறத்தாழ மூன்று மாத ஓய்வூதியம். ஒரு கோடி ரூபாய்க்கு வந்த வெளிநாட்டுக் கார் 20 ஆண்டு கழித்து நின்றாலும் அதே 80,000தான். அவருக்கு அது டயர் மாற்றும் செலவு.

எதற்கு இதைக் கட்டி அழ வேண்டும், ஒரு நல்ல புதுக் கார் வாங்கிக்கொள்ளலாமே என்று என் மகனே கேட்கிறான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு நம் ஊர் எப்படிக் கிடந்தது என்று நினைவிருக்கும். தெருத்தெருவாக மரம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் விழுந்த கிளைகளைக் கயிறு கட்டி இழுத்து வழி திறந்தது இந்த ஜீப். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. ஒரே நாளில் கொட்டிய மழையில் கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் புகுந்தால் நடுவழியில் நின்றுவிடும் என்பதால் ஒரு முழத்துக்கு மேல் நீர் நின்ற இடத்தில் நான் இறக்கவில்லை. அதற்குள்ளேயே எங்கள் தெருவில் நடக்க முடியாத மூன்று முதியவர்களை மேட்டில் இருந்த உறவினர் வீடுகளுக்குக் கொண்டுவிட முடிந்தது. அன்று புதுக் கார்கள் பல நீரில் நின்று, பிறகு கயிற்றில் கட்டிப் பட்டறைக்குப் போயின. ஆண்டில் 360 நாள் சும்மா நிற்கும் வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். மீதி ஐந்து நாளுக்காகத்தான் வீட்டில் கடப்பாரையும் வைத்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் காற்றைக் கெடுக்கின்றன என்பதுதான் அது. இதை நான் மறுக்கவில்லை. என் வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு இது விடும் நச்சு, இன்றைய பி.எஸ்.-6 வண்டி விடுவதை விடக் கூடுதல். அதைப் போலவே பாதுகாப்பும். ஏர்பேக் இல்லை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், உயரம் அதிகம், அகலம் குறைவு. இதன் அடுத்த வடிவமான சாமுராய் திடீரென்று திருப்பினால் கவிழ்கிறது என்று 1988இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எழுதி, சுசுகி வழக்குப் போட்டு, 2004இல்தான் சமரசமானது. யார் சொன்னது சரியாக இருந்தாலும், உயரமான குட்டி வண்டியை வேகமாக ஒடிக்கக் கூடாது என்பது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டிய பாடம். நான் 60ஐத் தாண்டுவதில்லை.

ஆனால் புகைதான் குற்றம் என்றால் புகைக்குத் தண்டனை கொடுங்கள். அதே வயது, அதே எஞ்சின், அதே கார்பரேட்டர் உள்ள ஜிப்ஸியும் அதே புகையைத்தான் விடுகிறது. அதற்குப் பத்து, இதற்கு எண்பது என்றால் இது காற்றுக்கான கணக்கு இல்லை. 80,000 கட்டிவிட்டால் என் புகை குறைந்துவிடுமா? கட்ட முடியாமல் விட்டால் இன்னும் மோசம். பதிவு புதுப்பிக்காமல் சந்து பொந்துகளில் ஓடும் வண்டி சோதனைக்கே வராது. ஒழுங்காகச் சோதனைக்கு வருபவனைக் கட்டணம் போட்டு விரட்டுவது, மருந்து விலையை ஏற்றி நோயாளியைக் குறைப்பது போன்றது.

இந்த வண்டியின் முந்தைய நாடான பிரான்சில் என்ன செய்கிறார்கள்? அங்கும் கட்டுப்பாடு உண்டு, சில இடங்களில் நம்மை விடக் கடுமையாகவே. பாரிஸ் போன்ற பெருநகரங்களுக்குக் காற்றுத் தரப் பட்டை கொண்டுவந்தபோது, 1997க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு அந்தப் பட்டையே கிடையாது என்றார்கள். வண்டி என்ன தரத்தில் செய்தது என்று பார்த்தார்கள், எந்த நாட்டில் செய்தது என்று பார்க்கவில்லை. சாதாரண வண்டிக்கு நான்கு ஆண்டு ஆனதும் தொழில்நுட்பச் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றும்போது கார்த் கிரிசுக்கு, அதாவது அங்கத்து ஆர்.சி. புத்தகத்துக்கு, கட்டும் பிராந்திய வரி, பத்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பாதிதான். 30 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாமல் இருந்தால் சேகரிப்பு வாகனம் என்று தனிப் பதிவு வாங்கலாம், சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

நம்மிடமும் பழைய வண்டிக்கு மரியாதை இல்லாமல் இல்லை. 2021இல் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். முதல் பதிவுக்கு 20,000, அது பத்து ஆண்டு செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம் என்று நிபந்தனையும் உண்டு. ஆக, 50 கடந்தால் மாலை, 20 முதல் 50 வரை அபராதம். என் ஜீப்புக்கு இப்போது வயது 40. மாலை விழ 2036 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டு முறை 80,000.

வண்டிகளை நியாயமாகப் பிரிக்க நம் அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. காப்பீட்டைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம், 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். எஞ்சின் பெரிதாகப் பெரிதாகக் கட்டணம் ஏறும். அந்த அட்டவணையில் என் ஜீப் மாருதி 800க்குப் பக்கத்தில் பவ்வியமாக உட்கார்ந்திருக்கிறது. விபத்து நடந்தால் ஆகும் சேதத்தைக் கணக்கிடும்போது பிறந்த ஊர் தேவைப்படவில்லை. பதிவுக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

முப்பது ஆண்டுக்கு மேல் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். அட்டவணையில் ஒரு வரி பல நேரம் யாருடைய தீய எண்ணத்தாலும் வருவதில்லை. முந்தைய அட்டவணையில் அந்த வரி இருந்தது, அதை எடுத்து இதில் போடுவார்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில் உள்ளூர்க் காருக்கு 600 ரூபாய் 5,000 ஆனது, இறக்குமதிக் காருக்கு 40,000 என்று இருந்தது. 2025இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு இரண்டையும் இரண்டால் பெருக்கிவிட்டார்கள். பெருக்கல் சரி. அந்த 40,000 எப்படி வந்தது, அதில் யார் யார் அடங்குகிறார்கள் என்று யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இறக்குமதி என்ற சொல்லின் நிலையும் இன்று வேறு. 2023இல் மாருதி ஐந்து கதவு ஜிம்னியை இங்கே செய்து விற்கத் தொடங்கியது. 2025இல் அதே வண்டியைக் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே குவிந்த ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் சில நாளிலேயே முன்பதிவை நிறுத்த வேண்டியிருந்தது. ஜிம்னி பிறந்த நாட்டிலேயே இன்று குர்காவ்ன் ஜிம்னிதான் ஃபாரின் வண்டி. அங்கே ஒருவர் அதற்கு எட்டு மடங்கு பதிவுக் கட்டணம் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

என் கோரிக்கை சிறியது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கூடுதல் கட்டணம் இருக்கட்டும். அதை எஞ்சின் அளவு வாரியாகப் பிரியுங்கள். காப்பீட்டு அட்டவணையே மாதிரியாக இருக்கிறது, புதிதாக யோசிக்கவும் வேண்டாம். இறக்குமதி வரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு ஈடாகப் பிரேக்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதை விட்டு, இத்தகைய பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பாருங்கள். சோதனையில் தோற்ற வண்டியை, அது யாருடையதாக இருந்தாலும், என்னுடையதாகவே இருந்தாலும், சாலையில் விடாதீர்கள். அதற்கு நான் வாதாட வரமாட்டேன்.

இதைத் துறை அமைச்சகத்துக்கு ஒரு மனுவாக எழுதி, கட்டண அட்டவணை, தீர்வை ரசீது, ஆர்.சி. ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சொல்தா வீடுகளிலும், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீடுகளிலும் இன்னும் இப்படிச் சில வண்டிகள் கீற்றுக் கொட்டகையில் நிற்பது எனக்குத் தெரியும். அவர்களும் எழுதினால் நல்லது. ஒரு மனு கோப்பில் தூங்கும். பத்து மனு ஒரே பொருளில் வந்தால், பிரிவுக் குமாஸ்தா மேலே ஒரு குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

பதில் வருவதற்குள் என் பதிவுக் காலம் முடிந்துவிடும். இம்முறை 80,000ஐக் கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வைப்புத்தொகை ஒன்று முதிர்கிறது, மனைவியும் சரியென்றுவிட்டாள். கட்டிய ரசீதை அண்ணன் கட்டிய பழைய தீர்வை ரசீதுக்கு அடுத்து வைத்துத் தைக்கப்போகிறேன். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.